அப்பாதான் பெம்பாவா

படிவம் நிரப்புவதற்குச் சில விதிகள் உண்டு. கறுப்பு மை. பெரிய எழுத்து. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. சொல்ல ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும். தவறு நேர்ந்துவிட்டால் கிறுக்கி அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். அடிபட்ட தவறும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். அரசு மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்து, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விருந்தில் ஒரு கறுப்பு மைப் பேனா கொடுத்தார்கள். கேலியா மரியாதையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த விதிகளில் முக்கால்வாசி தெரியாத பதினோரு வயதில் நான் நிரப்பிய ஒரு படிவத்தைப் பற்றி எழுதப்போகிறேன். அம்மாவிடம் அனுமதி கேட்டாயிற்று. "எழுது, ஆனா பேரு போடாத" என்றாள். ஆகவே பெயர்கள் இல்லை.

அப்போது நாங்கள் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தோம். அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். முதல் ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் பாயான் பாரு பக்கம் இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா காலையில் கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு அப்பமும் வடையும் விற்பாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. மலாய்ப் பாடத்தில் வகுப்பிலேயே முதல். இந்த ஒரு தகுதியில் எங்கள் புளோக்குக்கே குமாஸ்தா ஆகியிருந்தேன்.

படிவம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். பாரம் என்பார்கள். "பாப்பா, ஒரு பாரம் வந்திருக்கு, கொஞ்சம் பாரேன்" என்று மூன்றாம் மாடியிலிருந்து குரல் வரும். பென்சில் பெட்டியோடு இறங்கிப் போவேன். மின்சார இணைப்பு, பள்ளிச் சேர்க்கை, அடையாள அட்டை தொலைந்தது, எல்லாம் நான்தான். கூலி ஒரு கிளாஸ் தே, தேநீர்தான். என் வீட்டுப் படிவங்களுக்கு அதுவும் கிடையாது. நான் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டுக் காட்டும் இடத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. "பாரம் உன் வேலை, காவடி என் வேலை" என்பார்.

காவடி நிஜமாகவே அவர் வேலைதான். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, நாக்கிலும் முதுகிலும் அலகு குத்தி, வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் காவடி தூக்குவார். அந்த ஆண்டு ஒரு மலாய்ப் பத்திரிகையில் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் அப்பாவின் முழங்கையும் பாதி மீசையும் தெரிந்தன. அடியில் 'பெம்பாவா காவடி' என்று போட்டிருந்தார்கள். காவடி தூக்குபவர் என்று அர்த்தம். பெம்பாவா என்றால் தூக்குபவர், சுமப்பவர். கத்தரித்து மலாய் நோட்டில் ஒட்டிக்கொண்டேன். அந்தச் சொல் எனக்கு அப்பாவின் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஹெப்படைட்டிஸ் பி என்ற நோய்க்குத் தடுப்பூசி போடப்போகிறார்கள், பெற்றோர் சம்மதம் வேண்டும். இப்போது பிறக்கிற குழந்தைக்கெல்லாம் கேட்காமலே போடுகிறார்கள். அப்போது அந்த ஊசி நம் ஊருக்குப் புதிது. ஆசிரியர் மஞ்சள் காமாலை ஊசி என்று ஒரே வரியில் விளக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். பெயர், வயது, முகவரி எல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். ஐந்தாவது கேள்வியில்தான் நின்றேன். உங்கள் குடும்பத்தில் யாராவது பெம்பாவாவா?

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அரசாங்கம் இதையெல்லாம் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆம் என்று எழுதினேன். உறவுமுறை: அப்பா. எத்தனை காலமாக: ஒன்பது ஆண்டுகள். கடைசியாக ஒரு கேள்வி, என்ன சிகிச்சை எடுத்துக்கொள்கிறார் என்று. சிகிச்சை என்ற சொல்லுக்கு மலாயில் பராமரிப்பு என்றும் ஒரு சாயல் இருக்கிறது. யோசித்து, 'நாற்பத்தெட்டு நாள் விரதம், சைவ உணவு, தரையில் படுக்கை' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார்.

பெம்பாவா என்ற அதே சொல், கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு, தனக்கு நோய் இருப்பதே தெரியாமல், பிறருக்குக் கொடுக்கக்கூடியவரையும் குறிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஊசி போடும் நாளில் மண்டபத்தில் வரிசையாக நின்றோம். மிஸ்ஸி, அதாவது தாதி, கண்ணாடி போட்ட மலாய்க்கார அம்மா. என் படிவத்தை ஒருமுறை படித்தார். திரும்பவும் படித்தார்.

"அப்பா பெம்பாவாவா?"

"ஆமாம் மிஸ்ஸி."

"இது அவருக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். பேப்பரில்கூட வந்திருக்கிறது."

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு ஊசி இல்லை என்று சொல்லி, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டுத் தனியாக உட்கார வைத்தார். காவடிக்காரர் மகளுக்கான மரியாதை என்று நினைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கையில் பஞ்சோடும் பிளாஸ்டரோடும் வெளியே போனபோதுதான் எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று உறைத்தது. ஒட்டிய பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார்கள். குடும்பத்தோடு கிளினிக்குக்கு வர வேண்டும்.

வீட்டில் நான் கடிதத்தை மொழிபெயர்த்தேன். பெம்பாவாவின் குடும்பத்தார் அனைவரும் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். அப்பாவுக்கு ஆச்சரியம். "காவடி தூக்குறவங்களுக்கு கவர்மெண்டே செக்கப் வைக்குதா? பரவால்லயே" என்றார். அம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் ஏன் கூப்புடுறாங்க, நான் என்ன தூக்குனேன்" என்றாள். "என்னைத் தூக்கிக்கிட்டுதானே இருக்க" என்றார் அப்பா. மூவரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் கிளினிக்குக்குப் போனோம். பத்திரிகைப் படம் ஒட்டிய நோட்டை நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் இளவயதுச் சீனர். பக்கத்தில் ஒரு தமிழர், கிளினிக் உதவியாளர். டாக்டர் படிவத்தை அவரிடம் நீட்டினார். அவர் படித்தார், அப்பாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு மஞ்சக் காமாலைக் கிருமி இருக்குன்னு இதுல எழுதியிருக்கு. ஒம்பது வருஷமா இருக்காம். அதுக்கு மருந்து தரையில படுக்குறதாம்."

"யாரு எழுதுனா?"

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைத் திறந்து மீசையையும் முழங்கையையும் காட்டினேன். உதவியாளர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அப்பாவும் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் முதல் மாணவி ஒருத்திக்கு அந்த அறையில் ஏற்பட்ட அவமானத்தை விவரிக்க எனக்கு இன்றைக்கும் மனமில்லை.

டாக்டர் மட்டும் சீக்கிரம் சிரித்து முடித்துவிட்டார். அலகு எத்தனை, யார் குத்துவது, யாருடைய அலகு என்று கேட்டார். அப்பா பெருமையாகவே சொன்னார். குழுவில் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் ஒரே டின் அலகுதான், எலுமிச்சம்பழத்தில் குத்தியெடுத்துத் திருநீறு தடவி அடுத்தவருக்கு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தத்தின் வழியாகப் பரவுகிற கிருமி அது. வந்தது வந்தீர்கள், மூன்று பேரும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கோப்பும் ஏற்கெனவே திறந்தாயிற்று. ஒரு கோப்பைத் திறப்பதற்கு ஒரு தவறு போதும், மூடுவதற்கு முடிவுகள் வேண்டும். என் பணிக்காலம் முழுக்க நான் கண்ட உண்மை அது.

முடிவு வந்த நாளில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். நெடுநேரம் ஆயிற்று. அம்மா முதலில் வந்தாள், என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். பின்னால் அப்பா வந்தார். எனக்குக் கிருமி இல்லை, ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். போகும் வழியில் ஐஸ் கச்சாங், சர்பத் ஊற்றிய துருவல் ஐஸ், வாங்கிக் கொடுத்தார். நான் பாதி தின்றதும் மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, நீ பாரத்துல எழுதுனது சரிதாம்மா. அப்பாதான் பெம்பாவா. அந்தச் சீக்குக்கும் நான்தான். யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லு."

எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அப்பாவுக்கு ஒரு நோய் என்பது எனக்கு எட்டவேயில்லை. அத்தனை பேர் சிரித்தார்களே, கடைசியில் நான் எழுதியதுதான் சரி.

உண்மையில் கிருமி இருந்தது அம்மாவுக்கு. அவள் பிறந்தபோதே அவளுடைய அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அதே வழியாக, பிறக்கும் நேரத்தில் போகக்கூடும். பிறந்த சில மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் தப்பாக எழுதியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. அறைக்குள் அப்பா டாக்டரிடம், "உங்க புஸ்தகத்துல சரியா எழுதிக்குங்க. வெளிய நான்தான்" என்று சொன்னதை, இதை எழுத அனுமதி கேட்ட அன்றைக்குத்தான் அம்மா எனக்குச் சொன்னாள்.

கிருமி அம்மாவுக்கு என்பதே எனக்குத் தெரிய பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பணியில் சேர்ந்த புதிதில், பிரசவத்துக்காகக் கிளினிக்கிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்த அம்மாவின் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சொந்தக் குடும்பத்தின் கோப்பைத் திறக்கக் கூடாது. நான் மீறிய ஒரே விதி அது. நடுவில் என் பள்ளிப் படிவம் இருந்தது. 'அப்பா' என்று நான் எழுதியதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் வேறு கையெழுத்தில் 'அம்மா', சுருக்கொப்பம். முறைப்படி செய்திருந்தார்கள்.

வெளியில் கோடு எதுவும் விழவில்லை. எனக்கு ஊசி போடாதது பள்ளியில் தெரியும், குடும்பமாகக் கிளினிக்குப் போனது புளோக்கில் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், யாருக்கு என்று. பதில் என்னிடம் தயாராக இருந்தது. மறுநாளே நான்கு மாடிக்கும் தெரிந்துவிட்டது. சோற்றாலும் தண்ணீராலும் அந்தக் கிருமி பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது கிளினிக்கிலேயே இருந்துவிட்டது. மஞ்சள் காமாலை என்றால் தொட்டாலே ஒட்டும் என்பதுதான் எங்கள் புளோக்கின் மருத்துவம். அம்மாவின் மேசைக்கு ஒரு வாரம் கூட்டம் குறைந்தது. பிறகு அக்கா ஒருநாள் இரண்டு அப்பம் வாங்கிக்கொண்டு, "சீக்கு அண்ணனுக்குத்தானே, உங்க கை சுத்தம்தானே அண்ணி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மா அடுத்த அப்பத்தை எடுத்து மடித்தாள். கூட்டம் திரும்பி வந்தது. பிள்ளை வரப்போகிற வீட்டுக்கு அந்த மேசை எவ்வளவு தேவை என்று அப்பாவுக்குத் தெரியும்.

அதுவரை மேசை தூக்கிப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பா, புளோக்குக்கு முன்னால் ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்ளத் தொடங்கினார். எனக்கு அது முதலாளி தோரணையாகப்பட்டது. கீழே கோப்பிக்கடையில் அவருக்கென்று ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குவளை வைத்தார்கள். மற்ற குவளைகளோடு சேராமல் தனி ஆணியில் தொங்கும். வேறு யாருக்கும் அங்கே சொந்தக் குவளை கிடையாது. பள்ளியில் இதை இரண்டு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

வீட்டிலும் நிர்வாகத்தைக் கையில் எடுத்தேன். அம்மாவின் நகச்சாயத்தை எடுத்து அப்பாவின் குவளையிலும் தட்டிலும் சிவப்புப் பொட்டு வைத்தேன். ஆனால் அம்மாவுக்கு ஒழுங்கு போதவில்லை. அடுப்படியில் நின்றபடி பொட்டு வைத்த குவளையிலேயே தண்ணீர் குடிப்பாள்.

"அம்மா, அது பெம்பாவா கப்."

"அப்படியா? மறந்துட்டேன்லா."

மறுநாளும் அதே குவளை. நான் சத்தம் போட்டேன், அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றும் நீர் நிற்கவில்லை. கர்ப்பிணிகள் அப்படித்தான் என்று அக்கா எனக்கு விளக்கினார்.

என் மூன்று ஊசிகளும் முடிவதற்குள் தம்பி பிறந்தான். மருத்துவமனையில் அம்மாவின் கோப்பின்மேல் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள் இருந்ததாம். பிள்ளையைத் துடைத்து எடுத்த கையோடு ஊசி போட்டார்கள். ஒரு வயதுக்குமேல் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை. இப்போது அவன் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர், வருடம் தவறாமல் ரத்ததானம் செய்கிறான், அட்டையைக் காட்டி அலட்டிக்கொள்கிறான். அலட்டட்டும். அந்த ரத்தம் என் எழுத்துப்பிழை என்று நானும் விடாமல் சொல்லிக்கொள்கிறேன். அம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனைக்குப் போகிறாள், எண்பதை நெருங்கியும் அப்பத்துக்கு மாவு கரைக்கிறாள். அப்பா போய் ஆறு ஆண்டுகள். காரணம் இதயம். ஈரல் கடைசிவரை பழுதில்லாமல் இருந்தது.

அடுத்த தைப்பூசம் வந்தது. காவடிக் குழுவில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். ஆளுக்கொரு டின், ஆளுக்கொரு அலகு, எல்லாம் கொதிக்கவைத்தது. முந்தைய ஆண்டாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது கேட்டவர் பெம்பாவா என்பதால் ஒருவரும் மறுக்கவில்லை, அவசரமாக வாங்கினார்கள். அப்பா அந்த ஆண்டு அலகு குத்தவில்லை, காவடியும் எடுக்கவில்லை. பிள்ளை வரம் தந்ததற்கு வேண்டுதல். நீளமான கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணியில் தொட்டில் தொங்கவிட்டு, அதில் தம்பியைப் படுக்க வைத்தார்கள். முன்முனை அப்பாவின் தோளில், பின்முனை அம்மாவின் தோளில். முந்திய வாரம்தான் தம்பிக்கு மூன்றாவது ஊசி முடிந்திருந்தது. நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு அருகே எங்கள் புளோக்கைச் சேர்ந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் தன் பிள்ளையை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டு மற்றவரிடம், "அவருதான், அந்தச் சீக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. குரல் தாழ்ந்திருந்ததால் எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஏன் ரகசியமாகச் சொல்ல வேண்டும்? நான் நிமிர்ந்து, நல்ல சத்தமாகவே சொன்னேன்.

"ஆமாக்கா, எங்கப்பாதான் பெம்பாவா. பாரத்துல நான்தான் எழுதுனேன்."

கரும்பு நின்றுவிட்டது. பின்னால் அம்மா நின்றிருந்தாள். இழுப்பை உணர்ந்து அப்பா திரும்பினார். அந்தப் பெண்களையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தொட்டிலுக்கு மேலாக அம்மாவைப் பார்த்து, வா என்பதுபோல் தலையசைத்துச் சிரித்தார். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடியெடுத்து வைத்தாள்.

வெயில் கடுமை, தார் சுட்டுக்கொண்டிருந்தது, கரும்பும் கனம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பின்னால் தள்ளிப் போய், "கொஞ்ச தூரம் நான் தூக்கட்டுமாம்மா" என்று கேட்டேன்.

"நீயும் தூக்கிக்கிட்டுதானேம்மா வர" என்றாள்.

நான் என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.